ஆறடி ஆழத்தில் ஒரு செப்புத் தகடு

"மெயின ஆஃப் பண்ணிட்டீங்களா ஐயா?"

இப்படிக் கேட்டவர் எலக்ட்ரீஷியன் அல்ல. தகடு எடுப்பவர். யாராவது யாருக்காவது செய்வினை வைத்துத் தகடு புதைத்திருந்தால், இடம் கண்டுபிடித்துத் தோண்டி எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். மேல்மலையனூர்ப் பக்கத்து ஆள். வெள்ளைச் சட்டை, பையில் செல்போன், கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

எங்கள் கார் ஷெட்டுக்குப் பின்னால், மதிலை ஒட்டி நான் கட்டிவைத்த செங்கல் தொட்டியின் விளிம்பில் குந்தியிருந்தார். அவருக்குப் பின்னால் கடப்பாறையோடு இரண்டு கூலியாட்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு வசந்தா, மாட்டுத் தொட்டியின் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மெயினை ஆஃப் செய்யவில்லை. முப்பத்து மூன்று வருடம் ஒரு சர்க்கரை ஆலையின் மின்பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவன். 'இணைப்பைத் துண்டித்து, பூட்டி, எச்சரிக்கை அட்டை தொங்கவிட்ட பின்னரே தோண்டுதல்' என்று செயல்முறை எழுதி, அதன் மூன்றாம் திருத்தம் வரை வெளியிட்டவன். போய் ஆஃப் செய்துவிட்டு வந்தேன்.

"பூட்டினீங்களா? ஊட்ல யார்னா தெரியாம போட்டுடப் போறாங்க."

திரும்பிப் போய்ப் பூட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் குழிக்குள் இருந்தது நான் வைத்த எர்த் தகடு. ஷெட்டில் ஓடும் த்ரீ ஃபேஸ் இயந்திரத்தில் எங்காவது கசிவு வந்தால், அந்த மின்சாரம் என் மனைவி கலாவின் உடம்பு வழியாகப் போகாமல் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக வைத்தது. அதை வெளியே எடுப்பது அவளுக்குப் போட்டிருக்கும் காப்பைக் கழற்றுவதற்குச் சமம் என்று மூன்று வாரம் ஒற்றை ஆளாக வாதாடினேன். தோற்றுப்போய், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

கூம்பை வெட்டினால்

கலா கணக்கு டீச்சர். கூம்பைக் குறுக்கே வெட்டினால் வட்டம் வரும், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம் வரும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியவள். பிள்ளைகள் ஒருவர்கூட அதை நம்பவில்லை என்பதை ஓய்வு பெறுகிற வருடத்தில்தான் கண்டுபிடித்தாளாம். மரத்தில் கூம்பு செய்து, வெட்டிக் கையில் கொடுத்தால் நம்புவார்கள் என்று முடிவு செய்தாள்.

திண்டிவனத்தில் ஒரு பட்டறையை மூடியபோது பழைய மரக் கடைசல் லேத் ஒன்றை வாங்கி வந்தாள். மூன்று குதிரைத் திறன் மோட்டார், நானூற்றுப் பதினைந்து வோல்ட். அதை வைக்க இடம் வேண்டும் என்பதற்காகக் கார் விற்கப்பட்டது. அந்த விஷயத்தில் எனக்கு ஓட்டு இருக்கவில்லை.

வயரிங் மட்டும் என் பொறுப்பு என்றாள். அதைவிடப் பெரிய பரிசு ஓய்வு பெற்ற மனிதனுக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது.

இருபத்திரண்டு விதிகள்

த்ரீ ஃபேஸ் இணைப்புக்கு நான் எழுதிய விண்ணப்பத்தில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஷெட்டின் வரைபடத்தை மூன்று வண்ண மையில் போட்டேன். லேத்துக்குத் தனி பிரேக்கர், வட்ட ரம்பத்துக்குத் தனி பிரேக்கர், கை எட்டும் உயரத்தில் காளான் மாதிரி சிவப்பு நிறுத்து பட்டன். கசிவு வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கிற எர்த் லீக்கேஜ் பிரேக்கர். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்து, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

சுவரில் இருபத்திரண்டு பாதுகாப்பு விதிகளை லேமினேஷன் செய்து மாட்டினேன். அந்த ஷெட்டில் ஒரே ஒரு தொழிலாளி. அவளுக்கு அவற்றை வாசித்துக் காட்டி, புரிந்தது என்று கையெழுத்தும் வாங்கினேன்.

போன வாரம் இந்தப் பத்தியில், ஆலையில் பல்பு மாற்றுவதற்கு நான் வகுத்த பதினான்கு படிகளைப் பற்றி எழுதியிருந்தேன். பதினைந்தாவது படி விட்டுப்போயிருக்கிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: மாற்றிய பல்பு எரிகிறதா என்று பார்ப்பது. அவருக்கு நன்றி. இந்த வாரம் அவருக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

விதிகளில் ஐந்தாவது, காலணி அணிய வேண்டும் என்பது. கலா அதை மட்டும் மதிக்கவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த இயந்திரத்துக்கு முன்னால் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்க அவளுக்கு மனம் வராது. வாசலிலேயே கழற்றிவிடுவாள். நான் ரப்பர் செருப்போடு உள்ளே போவேன். விதி விதிதான்.

கோட்டை கட்டியவர்களுக்கு வசதி

செஞ்சியில் எர்த் எடுப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே மூன்றடி தோண்டினால் பாறை. கோட்டை கட்டியவர்களுக்கு அது பெரிய வசதியாக இருந்திருக்கும். எர்த் எடுப்பவனுக்குத் தேவை ஈரமான, ஆழமான மண். மின்சாரத்துக்குப் பாறை பிடிக்காது.

வாசல் பக்கம் தோண்டினோம், பாறை. மாமரத்தடியில் தோண்டினோம், பாறை. கடைசியில் வசந்தா வீட்டு மதில் ஓரம் எட்டடி வரை கடப்பாறை இறங்கியது. அவர் மாடு கழுவுகிற தண்ணீரெல்லாம் பல வருடமாக அந்த மூலையில் ஊறி ஊறி, அந்த இடம் மட்டும் களியாக இருந்தது.

மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் வேண்டும் என்பது விதி. ஆலையில் ஒரு எர்த்தோடு யாராவது என்னிடம் வந்திருந்தால் காகிதத்தை முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். இங்கே, 'இட அமைப்பின் காரணமாக ஒன்று போதுமானதெனக் கருதப்படுகிறது' என்று நோட்டில் எழுதி நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

எலுமிச்சை, கரி, உப்பு

வயரிங் வேலைக்கு வந்தவர் ஏழுமலை. பனமலைப் பக்கம். ஐம்பது வயது, அனுபவசாலி. கடப்பாறை மண்ணில் இறங்கும் எந்த வேலையையும் கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அதை நான் தடுக்கவில்லை. அது என் செயல்முறையில் இல்லை, ஆனால் அதற்கு விரோதமாகவும் இல்லை.

தகடு எர்த் என்றால் இரண்டடிக்கு இரண்டடி செப்புத் தகடு ஒன்றைக் குழிக்குள் நிற்கவைத்து, சுற்றிலும் மரக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கு அந்தக் கரியும் உப்பும்.

ஆலையின் பழைய நண்பரிடம் எர்த் டெஸ்டர் இரவல் வாங்கியிருந்தேன். கம்பியைத் தகட்டின் துளையில் கையால் முறுக்கிவிட்டு அளந்தோம். மூன்று ஓம். பாறை ஊரில் அது முதல் வகுப்பு மதிப்பெண். நோட்டில் எழுதினேன். பிறகு ஏழுமலை முறுக்கைப் பிரித்தார். கம்பி முனையில் லக் என்ற செப்பு வளையத்தை அடித்து, அதைத் தகட்டோடு போல்ட் போட்டு முடுக்குவதுதான் மிச்சம்.

மாலை ஐந்து மணி இருக்கும். மதிலுக்கு மேலே வசந்தாவின் தலை தெரிந்தது.

அவர் பார்த்ததை அவர் கண்ணால் பாருங்கள். தன் வீட்டு மதில் ஓரம் ஆளுயரக் குழி. குங்குமம் தடவிய அறுத்த எலுமிச்சை. மூட்டை நிறையக் கரி. மூட்டை நிறைய உப்பு. நடுவில் செப்புத் தகடு. இவ்வளவு திருத்தமான சாட்சியம் எந்த வழக்கிலும் சிக்கியிருக்காது.

"இன்னாண்ணா பொதைக்கிறீங்க?" என்றார்.

எர்த் என்றேன். கரன்ட்டுக்கு என்றேன். கரன்ட்டுக்கு எதற்கு உப்பு என்று கேட்டார். ஈரத்துக்கு என்றேன். ஈரத்துக்கு எதற்கு எலுமிச்சை என்று கேட்டார். நான் ஏழுமலையைப் பார்த்தேன். மதிலுக்கு மேலே இருந்த தலை இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கே நாலைந்து குரல்கள் கேட்டன.

தெரு கூடிவிடும் என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. சீக்கிரம் மூடச் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் கொத்தனாரை வரவழைத்து, மேலே செங்கல் தொட்டி கட்டி, சிமென்ட் மூடி போட்டு, 'எர்த்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதவும் வைத்தேன். சிவப்புப் பெயின்ட் நிலைமையைச் சீராக்கவில்லை.

சர்க்கரை

லேத் ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரம் கலா கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். மெஷினைத் தொட்டால் சுருக் சுருக்கென்று இழுக்கிறது என்றாள்.

நான் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர், நோட்டு, மூக்குக் கண்ணாடி சகிதம் போனேன். இயந்திரத்தை உள்ளங்கையால் தடவினேன். ஒன்றும் இல்லை. எர்த் லீக்கேஜ் பிரேக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், டக்கென்று விழுந்தது. டெஸ்டரின் விளக்கு லேசாக மினுங்கியது. அந்த டெஸ்டரை நான் எப்போதும் நம்பியதில்லை.

அவளுக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை. விரல் நுனிகளில் சுருக்கென்பது அந்த நோயில் வருவதுதான் என்று விளக்கினேன். நரம்புக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. நோட்டில், 'பயனீட்டாளர் புகார்: ஆய்வு செய்யப்பட்டது. காரணம்: மருத்துவம்' என்று எழுதி முடித்துவைத்தேன்.

இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். கடைசல் உளியைப் பிடித்த கையோடு தவறிப்போய் இயந்திரத்தில் முழங்கையை வைத்துவிடாமல் இருக்க, உடம்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கப் பழகினாள். அதை நான் பார்த்தேன். நிற்கும் முறை முன்னேறியிருக்கிறது என்று பாராட்டினேன்.

அதே இரண்டு மாதத்தில் மதிலுக்கு அந்தப் பக்கமும் காரியங்கள் நடந்தன. வசந்தாவின் மாடு பால் மறுத்தது. போர் மோட்டார் புகைந்தது. மகன் ரமேஷைப் பார்க்க வருவதாகச் சொன்ன பெண் வீட்டார், சீயமங்கலத்திலிருந்து கிளம்பி, பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. மாடு சினை. மோட்டாருக்கு லோ வோல்டேஜ். ரமேஷை எனக்குத் தெரியும். மூன்றையும் மதில் ஓரம் நின்று வசந்தாவிடம் வரிசையாகச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் தகட்டை எடுத்தே ஆக வேண்டும் என்று அவர் கலாவிடம் வந்தார். என்னிடம் வரவில்லை. திண்ணமாக மறுத்துவிடுவாள் என்று நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கலா அவருக்குக் காபி கொடுத்தாள். வசந்தா அழுததும் கேட்டது. பிள்ளைக்கு முப்பத்திரண்டு ஆகிறது என்றும், நான் நல்லவன்தான் என்றும், நல்லவர்களும் யார் பேச்சையாவது கேட்டுச் செய்துவிடுவது உண்டு என்றும் சொல்லி அழுதார்.

மூன்று வாரம் இழுத்தேன். எர்த் ஏன் கழற்றக் கூடாது என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வசந்தா வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அது மாட்டுக் கொட்டகையில் இருப்பதாகக் கேள்வி.

ஒரு நாள் காலை கலா கேட்டாள்.

"ஏங்க, அந்தத் தகட்ல கம்பிய மாட்டினத நீங்க பாத்தீங்களா?"

தகட்டைப் பார்த்தேன் என்றேன். கம்பியைப் பார்த்தேன் என்றேன். மூன்று ஓம் என்றேன்.

"மாட்டினதப் பாத்தீங்களா?"

நோட்டைத் தேடுகிற மாதிரி எழுந்தேன்.

"எனக்கும் சந்தேகமா இருக்குது. வசந்தாவுக்கும் சந்தேகமா இருக்குது. நீங்க ஒருத்தர்தான் நிச்சயமா இருக்கீங்க. அந்தத் தகடு எடுக்கிற ஆள வரச் சொல்லிட்டேன்."

தகடு எடுப்பவரின் செயல்முறை

ஆக, அவர் வந்து குந்தியிருந்தார். மெயின் பூட்டியாயிற்று. அடுத்து, இடம் யார் பேரில் என்று கேட்டார். இரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் குழிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், தோண்டி முடியும்வரை நகரக் கூடாது என்றார். அப்போதுதான் நாளைக்கு யாரும் நானே கொண்டுவந்து போட்டேன் என்று சொல்லமாட்டார்கள் என்றார். மூடியைத் திறக்கும் முன் செல்போனில் படம் எடுத்தார். மூடியை எடுத்த பிறகு இன்னொரு படம். இந்த ஆள் ஆலையில் கிடைத்திருந்தால் என் துறையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

வசந்தா சுற்றி வந்து எங்கள் வாசல் வழியாக உள்ளே வந்தார். எங்கள் பின்பக்கத்துக்கு அவர் வந்தது இவ்வளவு வருடத்தில் முதல் தடவை. கலாவின் பக்கத்தில் நின்றார்.

ஐந்தடியில் கரி வந்தது. வசந்தா கலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறடியில் தகட்டின் விளிம்பு பச்சையாகத் தெரிந்தது. கூலியாட்கள் கயிறு போட்டு மேலே தூக்கினார்கள்.

தகடு வந்தது. கம்பி வரவில்லை.

கம்பி குழிக்குள்ளேயே, மண்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. முனையில் லக் அடித்திருந்தது. லக்கின் துளையில் களிமண். தகட்டின் துளையிலும் களிமண். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி மூன்று மாதமாக இருந்திருக்கிறது.

தகடு எடுப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தார்.

"இம்மாம் பெருசு நான் பாத்ததில்ல. வெக்கிறவங்க உள்ளங்கை அளவுக்குத்தான் வெப்பாங்க. இதுல எழுத்து இல்ல, கட்டம் இல்ல." வசந்தாவைப் பார்த்தார். "இதால உனுக்கு ஒண்ணும் ஆவலம்மா."

பிறகு கம்பியைக் காட்டி, "ஐயா, இது எங்க சேரணும்?" என்று என்னைக் கேட்டார்.

நான் ஏழுமலைக்குப் போன் போட்டேன். கோபமாகப் பேச வேண்டும் என்று தயார் செய்துகொண்டுதான் போட்டேன்.

"போல்ட்டு கையிலயே இருந்திச்சே சார்," என்றார் அவர். "போட்டுட்டு மூடறேன்னேன். மொதல்ல மூடுய்யா, தெருவே பாக்குதுன்னீங்க. சரி, காலைல தோண்டிப் போட்டுக்கலாம்னு வந்தேன், கொத்தனார் தொட்டியே கட்டிட்டாரு. சார் பாக்காம கட்டச் சொல்வாரான்னு நெனச்சேன்."

ஸ்பீக்கரில் இருந்தது. எல்லோரும் கேட்டார்கள். வசந்தா கூலியாட்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனார். அது அவர் எனக்குச் செய்த முதல் உபகாரம்.

டெஸ்ட் பட்டனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டன் பிரேக்கரின் உடல்நலத்தை மட்டும்தான் சோதிக்கும். எர்த் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. இதை ஆலையில் ஆண்டுக்கு ஒரு வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு

போல்ட்டும் நட்டும் எடுத்துவர நான் உள்ளே ஓடப் பார்த்தேன். கலா நிறுத்தினாள்.

"மாட்றதுக்கு முன்னாடி மெயினப் போடுங்க. ஒரு தடவ மெஷினத் தொட்டுப் பாருங்க. செருப்பக் கழட்டிட்டு."

தகடு எடுப்பவர் வேண்டாம் என்பதுபோல ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குழியோரம் நின்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

இதை யாரும் செய்யக் கூடாது. எந்தச் செயல்முறையிலும் இது இல்லை. நான் எழுதியவற்றில் கொட்டை எழுத்தில் தடுக்கப்பட்ட காரியம் இது. ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் தினமும் இதைச் செய்த ஒருத்தி எதிரே நின்றாள்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். சிமென்ட் தரை ஜில்லென்றிருந்தது. லேத் ஓடியது. புறங்கையை மெல்லக் கொண்டுபோய் அதன் உடம்பில் வைத்தேன்.

சுருக்கென்று ஏறி முழங்கை வரை இழுத்தது. கையை உதறினேன். அவள் அன்று உதறிக்கொண்டு வந்த அதே உதறல். அதற்குக் காரணம் மருத்துவம் என்று எழுதிய நோட்டு அலமாரியில் இருந்தது.

இது சின்னக் கசிவுதான். பழைய மோட்டாரின் ஈரம். பெரிய கசிவு வந்திருந்தால் பிரேக்கர் விழுந்திருக்கும், விழுந்திருக்கலாம், விழ வேண்டும். அவள் வெறுங்காலோடு நின்றிருந்தது அந்த மூன்று வினைமுற்றுகளுக்கு நடுவில்.

"நான் சொன்னப்ப நீ தொட்டுப் பாத்தது செருப்போட," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது அன்றுதான். மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு ஒரு செயல்முறை தெரிந்திருக்கவில்லை. மெயினை ஆஃப் செய்து பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தேன்.

தகட்டைத் திரும்ப வைக்க வசந்தா சம்மதிப்பாரா என்று நான் பயந்தேன். தகடு எடுப்பவர் ஒரு வழி சொன்னார். எலுமிச்சை இல்லாமல், பட்டப்பகலில், வசந்தாவே மஞ்சள் தண்ணீர் தெளித்து வைக்கட்டும் என்றார். ஈரம் எர்த்துக்கு நல்லது. ஆட்சேபிக்க எனக்கு ஏதுமில்லை.

தகட்டை மேலேயே வைத்து, துளைகளைச் சுத்தம் செய்து, குழியிலிருந்து கம்பியை இழுத்து, லக்கைப் பொருத்திப் போல்ட்டை முடுக்கினேன். இன்னொரு நட்டு மேலே போட்டு இறுக்கினேன். எழுந்து நின்றேன். கூலியாட்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கலாவைப் பார்த்தேன்.

அவள் குனிந்து கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு நகர்ந்து வசந்தாவுக்கு இடம் விட்டாள். வசந்தா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு காலைத் தகட்டின் மேல் ஊன்றி, முரண்டு பிடிக்கும் மாட்டின் கயிற்றை இழுப்பதுபோல இரண்டு கையாலும் இழுத்தார். ஒரு தடவை. சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை. கம்பி வரவில்லை.

"கெட்டியாத்தான் இருக்குது டீச்சர்," என்றார். "எறக்கச் சொல்லுங்க."

கலா சொன்னாள். இறக்கினார்கள்.